பேஸ் கிட்டாருக்கு ஒரு காம்ப்ரஸர்: வாங்குமுன் ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சந்திப்பின்போது, இசை மன்ற மாணவர்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



காம்ப்ரஸர் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கல் நண்பர்கள் சிலர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னிக்கணும். நான் பேசப்போவது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உறுமுகிற காம்ப்ரஸரைப் பற்றி அல்ல. இது காற்றை அமுக்காது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும். எழுந்து போகவேண்டாம், காபி வர இன்னும் நேரமிருக்கிறது.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் இசை மன்றத்தில் பேஸ் வாசிக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, கையில ஆறாயிரம் ரூபா இருக்கு. எந்தக் காம்ப்ரஸர் வாங்கலாம்?" என்றார். பணம் ஏதுப்பா என்று கேட்டேன். மெஸ் பில்லில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், அம்மா கொடுத்தது கொஞ்சம் என்றார். அந்தப் பதிலைக் கேட்டபிறகு ஒரு மாடல் நம்பரை மட்டும் சொல்லிப் போனை வைக்க மனம் வரவில்லை. காரணம், அந்தக் கதை என் கதையும்தான்.

நான் 2011-இல் ஈ.ஸி.ஈ. முடித்து வெளியே போனவன். கடைசி வருடம் ஒரு கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அவர் பாட்டில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குத் துணை போகாது, அது தனியாக ஒரு பாட்டுப் பாடும். அன்றைக்கு என் பேஸ் சில இடத்தில் இடி இடித்தது, சில இடத்தில் ஆளையே காணோம். மேடையை விட்டு இறங்கியதும் பாடிய நண்பன் கேட்டான்: "மச்சான், நீ பாதிப் பாட்டுக்கு எங்கடா போயிருந்தே?" நான் ஆம்ப் சரியில்லை என்றேன். முதல் சம்பளத்தில் ஒரு காம்ப்ரஸர் பெடல் வாங்கினேன்.

அது என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் டி.வி. ஓடுகிறது. விளம்பரம் வந்ததும் சத்தம் எகிறுகிறது. அம்மா ரிமோட்டை எடுத்துக் குறைக்கிறார்கள். சீரியல் திரும்பியதும் ஏற்றுகிறார்கள். காம்ப்ரஸர் அவ்வளவுதான். எந்த அளவு சத்தத்துக்கு அம்மா ரிமோட்டை எடுப்பார்கள் என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு குறைப்பார்கள் என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் கை போகிறது என்பது அட்டாக். விளம்பரம் முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது ரிலீஸ்.

கணக்காகச் சொன்னால், த்ரெஷோல்டை 12 டெசிபெல் தாண்டி ஒரு சுரம் வருகிறது, ரேஷியோ 4-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது அது 3 டெசிபெல்தான் தாண்டியிருக்கும். 9 டெசிபெல் குறைந்துவிட்டது. இப்போது எல்லாவற்றையும் சேர்த்து 9 டெசிபெல் ஏற்றினால், பலத்த சுரம் பழைய இடத்திலேயே நிற்க, மெலிந்த சுரம் மேலே வந்துவிடும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எல்லா சுரமும் கேட்கும். ஆனால் சும்மா இருக்கும்போது வருகிற இரைச்சலும் அதே 9 டெசிபெல் ஏறும். இனாமாக எதுவும் கிடைக்காது.

இனி பேஸுக்கே உரிய சங்கதி. சாதாரண கிட்டாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஒரு அலை முடியவே ஏறக்குறைய 24 மில்லிசெகண்ட் ஆகிறது. ரிலீஸை அதைவிட வேகமாக வைத்தால், காம்ப்ரஸர் சுரத்தின் பலத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு அலையின் மேட்டையும் பள்ளத்தையும் துரத்த ஆரம்பிக்கும். சத்தம் கரகரக்கும். ஆகவே ரிலீஸை 100 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் ஆரம்பியுங்கள். அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் விரல் தந்தியைத் தட்டும் அந்த முதல் 'டக்' செத்துப்போகும். 20, 30 மில்லிசெகண்ட் விட்டால் அது உயிரோடு இருக்கும்.

இன்னொரு சங்கதியை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான் வாங்கிய அந்த முதல் பெடல் சாதாரண கிட்டாருக்காகச் செய்தது, செகண்ட் ஹேண்ட். அதை ஆன் செய்தால் அடித் தந்தி மெலிந்துபோகும். ஒருநாள் திறந்து பார்த்தேன். வழியில் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, அதற்குப்பின் 100 கிலோ ஓம். நம் சார் போர்டில் எழுதிப்போட்ட அதே சூத்திரம்தான்: அந்த ஜோடி 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட ஆரம்பிக்கும். 41 ஹெர்ட்ஸ் வரும்போது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். பத்து மடங்கு பெரிய கெபாசிட்டரைப் போட்டேன். வெட்டும் இடம் 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, அடித் தந்தி திரும்பி வந்தது. மூன்றாம் செமஸ்டரில் தூங்கிய வகுப்புக்கு அன்றைக்குத்தான் அட்டெண்டன்ஸ் கிடைத்தது.

பெடல் சரியாகிவிட்டது. வாசிப்பும் வழவழவென்று இருந்தது. ஒரு வருடம் சந்தோஷமாக ஓடியது. பிறகு ஒருநாள் பெடல் இல்லாமல் ஒரு பதிவு செய்ய வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். ஆள்காட்டி விரல் அடித்த சுரமெல்லாம் பலம், நடுவிரல் அடித்ததெல்லாம் சோகை. கல்லூரியில் இருந்ததைவிட மோசம். அந்த மேடையில் குற்றம் ஆம்ப் மேல் இல்லை, என் நடுவிரல் மேல். காம்ப்ரஸர் அதைச் சரிசெய்யவில்லை, என்னிடமிருந்தே ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில்: "இந்த மாசம் வாங்காதே."

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? ஆடாஸிட்டி என்ற இலவச மென்பொருளில் பதினாறு சுரம், இரண்டு விரலும் மாறி மாறி, பதிவு செய்யுங்கள். திரையில் அலைகளைப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று குட்டையாக இருந்தால் வைத்தியம் விரலுக்கு. பத்துப் பதினைந்து நாள் மெட்ரோனோமோடு உட்கார்ந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அடுத்து, ரீயாபிளக்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் ரீயாகாம்ப் என்று ஒரு காம்ப்ரஸர் இருக்கிறது. நான் சொன்ன எல்லாத் திருகிகளும் அதில் உண்டு. எத்தனை டெசிபெல் குறைக்கிறது என்று மீட்டரும் காட்டும். ஒரு பைசா செலவில்லை. காதுக்கு அதைவிட நல்ல லேப் கிடையாது.

மூன்றாவது, கையில் இருப்பதைப் பாருங்கள். நேற்று நம் அரங்கத்து மிக்ஸரைப் போய்ப் பார்த்தேன். யமஹா எம்.ஜி. வரிசை. அதில் சில சானல்களில் 'காம்ப்' என்று ஒரே ஒரு திருகி இருக்கிறது. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை, அவ்வளவு புதிதாக இருந்தது. பேஸை அந்தச் சானலில் செருகினால் மேடைக்குத் தேவையான காம்ப்ரஸர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வைத்திருப்பவர்களும் உள்ளே தேடிப் பாருங்கள். ஜூம் பி1 ஃபோர் போன்ற சின்னப் பெட்டியிலேயே காம்ப்ரஸர் உண்டு.

இத்தனைக்கும் பிறகு தனிப் பெடல் வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் குணத்தைச் சொல்கிறேன். எம்.எக்ஸ்.ஆர். எம்87 பெடலில் ஐந்து திருகிகளும், எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் விளக்கு வரிசையும் உண்டு. கற்றுக்கொள்ள ஏற்றது, ஆனால் ஆறாயிரத்துக்குள் அடங்காது. டி.ஸி. எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் ஒரே திருகி; தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் தனித்தனியாக அமுக்கும். அதனால் அடித் தந்தியை ஓங்கி அடித்தாலும் மேல்தந்தி கூடவே அமுங்காது. பாஸ் எல்.எம்.பி.-3 பேஸுக்கென்றே செய்த லிமிட்டர். த்ரெஷோல்ட், ரேஷியோ இரண்டுக்கும் திருகி உண்டு. நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடவேண்டாம்.

எதுவானாலும் உங்கள் சொந்த பேஸைக் கடைக்கு எடுத்துப்போய் மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, பெடலை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவலை வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது 'ஆஹா' என்னும். பாதி விற்பனை அந்த 'ஆஹா'வில்தான் நடக்கிறது. இரண்டு, அடித் தந்தியைத் திறந்து அடியுங்கள். அடிவயிறு காலியானால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மூன்று, வாசிக்காமல் தந்திகளைக் கையால் மூடிக்கொண்டு ஆம்ப்பை ஏற்றுங்கள். இரைச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அடாப்டரையும் மறக்கவேண்டாம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். அவசரத்தில் வீட்டில் கிடந்த ஏதோ ஒரு அடாப்டரைச் செருகி நான் ஒரு பெடலுக்குக் கொள்ளி வைத்திருக்கிறேன். ஈ.ஸி.ஈ. படித்தவன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

போன் செய்த தம்பி இங்கேதான் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். ஒரு மாதம் கழித்துத் தன் பதிவை அனுப்பியிருந்தார். அலைகள் ஏறக்குறைய ஒரே உயரம். ஆறாயிரமும் பத்திரமாக இருக்கிறதாம். அதில் புதுத் தந்தி ஒரு செட் வாங்கச் சொன்னேன்.

என்னுடைய பெடல் ஒன்றை இன்று கொண்டுவந்திருக்கிறேன். அது இனி இசை மன்றத்து அலமாரியில் இருக்கும். பேஸ் வாசிக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. முதல் பத்து நிமிடம் ஆஃபில் வைத்து வாசித்துவிட்டு, அப்புறம்தான் ஆன் பண்ணணும்.