கால்கட்டு

மருத்துவர்களே, பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, எல்லோருக்கும் முன்னதாக நான் வணங்க வேண்டியவர்களான, மனநோயோடு வாழ்ந்துகொண்டு இங்கே வந்திருப்பவர்களே, அவர்களைப் பேணும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓபியில் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்தத் தலைமை உரையைச் சொல்லப் போகிறேன்.

ஓர் அம்மா மாதம் தவறாமல் வருவார். மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை வாங்கியதும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி எடுத்து ஒரு பழைய பல்பொடி டப்பாவில் போடுவார். முப்பது நாள் மாத்திரை, காலைக்கும் இரவுக்குமாக. பொறுமையாகச் செய்வார். வெற்று அட்டைகளை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, ஓபி சீட்டை எட்டாக மடித்துச் சுருக்குப்பைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, அட்டையோட கொண்டுபோனா என்ன?" என்று.

"அட்டையில பேரு இருக்குல்ல சார். எங்க தெருவுல ஒரு மெடிக்கல் கடைப் பையன் இருக்கான். பாத்தா தெரிஞ்சுபோகும். பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"காத்துப் பட்டா மாத்திரை வீணாப்போகும்மா."

"வீணாப்போனா மாத்திரைதானே சார் போகும்."

அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றும் இல்லை. மனநோயைச் சுற்றியுள்ள களங்கத்தைப் பற்றி இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். அது எங்கே குடியிருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்தப் பல்பொடி டப்பாவைத்தான் காட்டுவேன். அம்மா பயந்தது மகனுக்காக மட்டும் இல்லை. மகளுக்காக, பிறகு பிறக்கப்போகும் பேரன் பேத்திக்காக. நம் ஊரில் இந்தக் களங்கம் ஓர் ஆளோடு நிற்பதில்லை, வகையறா முழுவதையும் தொடுகிறது. பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும்தான் அதன் வேர் இருக்கிறது.

பையன் தனக்குத்தானே பேசுகிறான், ராத்திரி தூங்குவதில்லை, வேலையை விட்டுவிட்டான். பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." கல்யாணத்துக்குத் தமிழில் எத்தனையோ பெயர் இருக்க, இந்த இடத்தில் மட்டும் இந்தச் சொல் வந்து விழும். நோயைச் சொல்லாமல் நடந்த அப்படிப்பட்ட கல்யாணங்களின் முடிவை நான் ஓபியில் பார்த்திருக்கிறேன். தாலி கட்டிய மூன்றாம் மாதம் மாத்திரையை மறைக்க முடியாமல் நிறுத்தியிருப்பார்கள், நோய் இரட்டிப்பாகத் திரும்பியிருக்கும். பெண்களாக இருந்தால் நிலைமை இன்னும் கொடுமை. நோய் வந்த கணவனை மனைவி பார்த்துக்கொள்வாள். நோய் வந்த மனைவியைப் பெரும்பாலும் பிறந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மனநோயை, சில நிபந்தனைகளோடு, மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கிறது. மனச்சிதைவு நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே சட்டத்தில் தொழுநோயும் ஒரு காரணமாக இருந்தது. அதற்கு மருந்து இருக்கிறது, அது களங்கம் இல்லை என்று நாடாளுமன்றம் 2019-ல் அதை நீக்கியது. மனநோய்க்கும் மருந்து இருக்கிறது. 1950-களிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் அந்த வரி அப்படியே நிற்கிறது. துன்புறும் துணைக்கு விடுதலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுமைக்கும் கைவிடலுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கும்போது, ஒரு நோயின் பெயர் அங்கே எதற்கு என்பதைத்தான் கேட்கிறேன். சட்டத் துறையிலிருந்து வந்திருப்பவர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும்.

இனி ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சில நாட்களிலேயே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது.

அந்தக் காப்பகத்தை நடத்தியவர்களைப் பழித்துவிட்டு நகர்வது எளிது. எனக்கு அது போதவில்லை. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டது யார்? அண்ணன், அப்பா, மாமா. நகை அடகு வைத்துப் பஸ் ஏறி வந்தவர்கள். ஏன் ஆஸ்பத்திரிக்கு வராமல் ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் போனார்கள்? அறியாமை என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் அறியாமையால் போகவில்லை. "செய்வினை" என்றால் குற்றம் வெளியில் இருக்கிறது, எவனோ ஆகாதவன் செய்தது. "காத்துக் கருப்பு" என்றால் அது வந்தது போல் போய்விடும். பிள்ளை நல்ல பிள்ளைதான், ரத்தம் சுத்தமானதுதான். நம்மிடம் வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? மூளையில் ரசாயன மாற்றம், மரபணுவுக்கும் பங்குண்டு, "வீட்டுல வேற யாருக்காவது இருந்திருக்கா?" பழியை நீக்குவதற்காகத்தான் இப்படிப் பேசுகிறோம். அம்மாவின் காதில் விழுவதோ, "ரத்தத்துலயே இருக்கு." மகளின் கல்யாணம் அங்கேயே நின்றுபோகிறது. உயிரியல் விளக்கம் பழியைக் குறைத்தாலும் ஒதுக்கத்தைக் குறைப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே நம் சொற்களை நாமே சோதிக்க வேண்டும். மருந்து வேலை செய்யும், இவர் வேலைக்குப் போவார், உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, குடும்ப வரலாற்றைப் பிறகு தனியாகக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆஸ்பத்திரியின் பெயரே வசையாகிப்போன ஊர் நம்முடையது. 1871-ல் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது அந்த அரசு மனநல மருத்துவமனை. நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் தெருவில் சண்டை வந்தால், "கீழ்ப்பாக்கம் கேஸ்டா நீ." சினிமா இதை நகைச்சுவையாக்கி இன்னும் ஆழப் பதித்துவிட்டது. அங்கே 1961 முதல் 1978 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பின், 1984-ல், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காகவே ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது, வேலையும் மரியாதையும் வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை சென்று சேராதவர்கள், கோளாறுக்கு ஏற்ப, 70 முதல் 92 சதவீதம். பத்தில் ஒருவர் என்றால் இந்த அரங்கின் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர். அந்த ஒருவரிடம் எந்த ஆய்வாளரும் வினாத்தாளை நீட்டித் தெரிந்துகொள்ள முடியாத செய்திகள் இருக்கின்றன. கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன், உழைப்பு தெரிகிறது. ஆனால் பலவற்றில் நோயாளி ஓர் எண்ணிக்கையாகவே வருகிறார். நாளை மதிய அமர்வில் நோயோடு வாழ்பவர்களே பேசுகிறார்கள். தயவுசெய்து ரயிலைக் காரணம் காட்டி அதற்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மோடு உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள். சிலருக்கு மதியம் கண் சொக்கும். சிலருக்குக் கை நடுங்கும். சிலர் உட்கார முடியாமல் எழுந்து வெளியே நடந்துவிட்டு வருவார்கள். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பின்வரிசையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மாத்திரை போடுகிறவர்கள் அட்டையோடு எடுத்தே போடலாம்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வாருங்கள்.