மழைத் தண்ணீர் எங்கே போகிறது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சங்கச் செயலாளர் என்னிடம் தந்த தலைப்பு "காலநிலை மாற்றமும் எமது வாழ்வும்". நான் காலநிலை நிபுணர் அல்ல. ஆகவே எனக்கு நன்கு தெரிந்த ஒரு வளவிலிருந்தும் ஒரு கிணற்றிலிருந்தும் தொடங்குகிறேன். இரண்டும் என் அம்மாவுடையவை.

சில வருடங்களுக்கு முன், கனடாவில் இருக்கும் அண்ணாவும் அப்போது தெற்கில் வேலை செய்துகொண்டிருந்த நானும் சேர்ந்து அம்மாவின் வீட்டைத் திருத்தினோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். முற்றம் கூட்ட முடியாது, மாரியில் சேற்றில் வழுக்கிவிடுவா என்று பயம். முருங்கையையும் இரண்டு வாழைக் குற்றிகளையும் எடுத்துவிட்டு, படலையிலிருந்து கிணற்றடி வரை சீமெந்துக் கல் பதித்தோம். படம் எடுத்து அனுப்பினபோது அண்ணாவுக்கும் எனக்கும் பெரிய திருப்தி. அம்மா மட்டும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டா: "எல்லாம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை. மழைத் தண்ணி எங்க போறது?"

நாங்கள் சிரித்துவிட்டோம்.

கார்த்திகை மாதம் விடை கிடைத்தது. மழைத் தண்ணீர் அயல் வீட்டுக்குப் போனது. அவர்களின் குசினிக்குள் கணுக்கால் அளவு வெள்ளம். நாற்பது வருடம் வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் இரண்டு வருடம் பேசாமல் இருந்தன. அந்த அயல் வீட்டு அக்காவும் எமது கல்லூரியில் படித்தவர்தான். அடுத்த ஆவணியில், அம்மாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வற்றாத கிணற்றில் வாளி தரை தட்டியது. எங்கள் முற்றம் மட்டும்தான் அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் பத்து வீட்டு முற்றங்கள் அப்படித்தான் மூடப்பட்டிருந்தன. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பிய காசில்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்தில் காலநிலை மாற்றம் என்பது முதலில் தண்ணீரின் கதை. எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கை ஆறுகூட மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. சிறு வயதில் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். எங்கள் குடாநாடு முழுவதும் ஒரு பெரிய நிலாவரைதான். நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. சுண்ணாம்புக் கல்லில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எந்தப் பக்கம் ஆபத்து என்பதை அது சரியாகவே சொல்கிறது.

இப்போது மூன்று பக்கத்தாலும் அழுத்தம். கடல் மட்டம் 1900க்குப் பிறகு உலக அளவில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. காற்று ஒரு பாகை வெப்பமானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மூன்று மாதத்தில் மெல்ல ஊறவேண்டிய மழை மூன்று நாளில் பெய்தால் நிலம் அதைக் குடிக்க நேரமில்லை. மூன்றாவது அழுத்தம் நாங்கள். நீர் இறைக்கும் மோட்டர்கள், மூடிய முற்றங்கள், தூர்ந்த குளங்கள். குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் இருந்தன. முன்னோர் அவற்றை அழகுக்காக வெட்டவில்லை. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வானம் தந்த நன்னீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, பிறகு அதே கடலிலிருந்து மின்சாரம் கொடுத்து நன்னீரை வாங்குகிறோமே, அதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

வைத்தியராக நான் காண்பதையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. டிசெம்பரில் எலிக்காய்ச்சல் வந்தது. தொடக்கத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சனங்கள் பயந்தார்கள். சில உயிர்களை இழந்தோம். வெள்ளநீரில் கலந்த எலியின் சிறுநீர் காலில் உள்ள சிறு காயத்தால் உடலுக்குள் போகிறது. வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது. அதை வாங்கிச் சாமி அறையில் வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். டெங்கு பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. மழை முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் விடுதிகள் நிரம்புவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று நைத்திரேற்று. தோட்டங்களுக்கு அளவுக்கு மேல் போடும் யூரியாவும் கிணற்றடிக்கு அருகிலுள்ள மலசலகூடக் குழியும் அதைத் தருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. போத்தலில் பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. குழந்தை நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சிறு பிள்ளை உள்ள வீடுகள் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.

இந்த இடத்தில் சிலர், "அந்தக் காலம் நல்ல காலம், மின்சாரமும் பெற்றோலும் இல்லாமல் இயற்கையோடு வாழ்ந்தோம்" என்பார்கள். நான் அந்தக் காலத்தில் படித்த பிள்ளை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். 1995 இல் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு கிணற்றில் ஒரு வாளி தண்ணீருக்கு விடியப்புறம் வரிசையில் நின்றேன். அது சூழலைக் காக்கும் வாழ்வு அல்ல. எம்மீது விழுந்த தண்டனை. நாங்களாகத் தெரிந்தெடுக்காத சிக்கனத்தை நான் புகழமாட்டேன். ஆனால் அந்த வரிசை ஒன்றைக் கற்பித்தது. அந்தக் கிணற்றுச் சொந்தக்காரர் ஒரு நாளும் கயிற்றை எடுத்து ஒளித்துவைக்கவில்லை. மேலே வேலி இருந்தாலும் கீழே தண்ணீர் ஒன்றுதான் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

இனி என் அம்மாவின் முற்றத்துக்கு வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நான் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்தேன். முதல் வேலையாக, பதித்த கல்லில் பாதியைக் கிளப்பினோம். அம்மா நடக்கும் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. கூரைக்குப் பீலி பூட்டி, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்டவாக நாலடிக் குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு, சுற்றிவர வாழை வைத்தோம். பிறகு நான் அயல் வீட்டுப் படலையைத் தட்டினேன். அந்த அக்கா முதலில் கேட்டது, "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று. இப்போது ஒழுங்கையில் ஏழு வீடுகளில் அப்படிக் குழி இருக்கிறது. மாரிக்கு முன் எல்லோருமாகச் சிரமதானம் செய்து வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்குகிறோம். முதல் தடவை எடுத்த குப்பையில் பாதிக்கு மேல் பொலித்தீனும் பிளாஸ்ரிக் போத்தலும். கிணறு நிரம்பி வழிகிறது என்று சொல்லமாட்டேன். மூன்று வருடம் போதாது. ஆனால் போன மாரியில் யாருடைய குசினிக்கும் தண்ணீர் போகவில்லை. வேலிக்கு மேலால் மறுபடியும் கறி வருகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில் எங்கள் ஊரின் ஓராண்டு மழை விழுந்தால், சிந்துவதைக் கழித்தும் ஏறத்தாழ 90,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி தொண்ணூறு. இந்தக் கல்லூரியின் கூரைகள் எத்தனை ஆயிரம் சதுர அடி என்று இன்று படிக்கும் பிள்ளைகள் அளந்து சொல்லட்டும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டப்போகிறோம் என்று அறிகிறேன். மகிழ்ச்சி. வரைபடத்தில் கையொப்பம் வைக்குமுன் என் அம்மாவின் கேள்வியைக் கேளுங்கள். பீலியும், நுளம்பு புகாத வலை போட்ட தாங்கியும், நீர் ஊறும் குழியும் வரைபடத்திலேயே இருக்கட்டும். வாகனம் நிறுத்த மைதானத்தை மூடாதீர்கள். இரண்டாவது, கல்லூரிக் கிணற்று நீரை ஆண்டுக்கு இரு தடவை, மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து முடிவை அறிவித்தல் பலகையில் போடுவோம். விஞ்ஞானப் பிரிவு மாணவியர் அதைப் பொறுப்பெடுக்கட்டும். மூன்றாவது, இன்று எங்கள் முன் மேசையில் நிற்கும் இந்தப் பிளாஸ்ரிக் போத்தல்கள் அடுத்த விழாவில் வேண்டாம். நாங்கள் செம்பில் குடித்து வளர்ந்தவர்கள்தானே.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். நீங்கள் விமானத்தில் வந்து திரும்பும் ஒரு பயணமே இங்குள்ளவரின் ஓராண்டு அளவைத் தாண்டிவிடும். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வந்தால் அவசரப்பட்டு ஓடாமல் ஒரு மாதமாவது நில்லுங்கள். அங்கே உங்கள் வீட்டுச் சூடாக்கியையும் வாகனத்தையும் பற்றி முடிவெடுப்பவர்கள் நீங்கள். இங்கே அம்மாவின் வீட்டுக்குக் காசு அனுப்பும்போதும் முடிவெடுப்பவர்கள் நீங்கள்தான். காசோடு அந்தக் கேள்வியையும் அனுப்புங்கள்.

பிழை விட்டவள் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு பேசினேன். அண்ணாவும் நானும் அன்று சிரிக்காமல் அம்மாவுக்குப் பதில் தேடியிருந்தால் இரண்டு வருடக் கோபம் மிஞ்சியிருக்கும். அம்மா இன்று முன்வரிசையில் இருக்கிறா. அவவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி.

இந்தச் சங்கம் இன்னும் பல தலைமுறை வாழட்டும். எங்களுக்குப் பின் வரும் பிள்ளைகள் கல்லூரிக் கிணற்றில் வாளியை விட்டால் நல்ல தண்ணீர் வரட்டும்.