வளர்பிறையும் வளர்பயிரும்

(ஆயக்குடியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியர் ஒருவர் வாயினின்று வருதற்கு உரியதுதானோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். கணிப்பொறியின்கண் ஒரு செடியை வளரச் செய்து காட்டுவது எங்ஙனம் என்பதே அப்பொருள். நம் சங்கக் கல்வி நிதியினின்று உதவி வேண்டி இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, இயங்குபடம் ஆக்கும் கலையைப் பயில விரும்பும் நம்மூர்ப் பெண்பிள்ளை ஒருவருடையது. அதனைப் படித்த பெரியவர் ஒருவர், "பொம்மை ஆட்டுகிற படிப்புக்குப் பொதுப்பணமா?" என்று வினவினார். வினவியதில் தவறில்லை. நிதியோ சிறிது, கேட்போரோ பலர். மேலும், அரசாங்கத் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்றும் நிலையத்தால் பெயர்பெற்ற ஊர் நம்முடையது. உத்தியோகத்திற்கு வழிகாட்டாத படிப்பு படிப்பன்று என்னும் எண்ணம் இங்கு வேரூன்றியிருப்பது வியப்பன்று. விண்ணப்பத்தோடு அப்பிள்ளை அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துக் கருத்துரைக்குமாறு நிர்வாகக் குழுவினர் எம்மைப் பணித்தனர்.

படம் அரை நிமிடத்திற்கு மேற்படாதது. வெற்று நிலத்தில் ஒரு கொய்யாக் கன்று எழுகின்றது, தண்டு நீளுகின்றது, இலைகள் விரிகின்றன, வெண்மலர் அலர்கின்றது, காய் திரண்டு பழமாகின்றது. முதன்முறை பார்த்தபோது எமக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. நான்காம் முறை பார்க்கும்போதுதான் ஐயம் பிறந்தது. அவ்வையம் யாது என்பதைச் சொல்வதற்கு முன், இப்படங்கள் ஆக்கப்படும் முறையைச் சுருங்க உரைப்போம்.

இத்தொழிலில் பெரிதும் வழங்கும் மென்பொருள் ஆப்டர் எஃபெக்ட்ஸ் என்பது. 1993-இல் அமெரிக்க நாட்டுப் பிராவிடென்ஸ் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்று அதனை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன்கண் செடியை வளர்ப்பார், செடியைச் சிறிது சிறிதாக வரைந்துகொண்டே போவதில்லை. முழுச் செடியையும் முதலிலேயே வரைந்து முடித்துவிடுகின்றனர். பின்னர் அவ்வோவியத்தின் மேல் ஒரு கோடு சுற்றி வளைக்கப்படுகின்றது. கோட்டின் உள்ளே அகப்பட்டது கண்ணுக்குப் புலனாகும். புறத்தே நின்றது மறைந்துவிடும். தகட்டில் எழுத்தை வெட்டி, அதனைச் சுவரில் வைத்து வண்ணம் பூசும் தொழிலாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகடு போன்றதே இது. இதற்கு மாஸ்க் என்று பெயர். இன்ன நொடியில் இம்மறைப்பு இவ்வளவில் நிற்க, இன்ன நொடியில் அவ்வளவில் நிற்க என்று நிலைகளை மட்டும் நாம் குறித்துக் கொடுத்தாற் போதும். நொடிக்கு 24 அல்லது 25 என்னும் கணக்கில் இடைப்பட்ட படங்களையெல்லாம் பொறி தானே கணித்து நிரப்பிக்கொள்ளும். நாம் குறிக்கும் நிலைகளுக்குக் கீபிரேம் என்று பெயர்.

மாஸ்க் என்பதை மறைப்பு என்று தமிழாக்கலாம். ஆயினும் தொழில் செய்வார் மாஸ்க் என்றே வழங்குவாராயின் அதனையும் வெறுக்க வேண்டுவதில்லை. கொய்யா என்னும் பெயரைக் 'கொய்' என்னும் வினையோடு பொருத்திப் பொருள் கூறுவார் உளர். அம்மரமோ அமெரிக்கக் கண்டத்தது. போர்ச்சுகீசியரால் இந்நாட்டிற் புகுந்தது. பெயரும் அவர் வழங்கிய 'கோயாபா' என்பதன் திரிபே. இன்று ஆயக்குடியையும் கொய்யாவையும் பிரித்துச் சொல்லுவார் யார்? சொல்லும் மரம் போல்வதே. மண் ஏற்றால் நம்முடையது.

இனி எமக்குண்டான ஐயத்திற்கு வருவோம். அமாவாசை கழிந்தபின் நாளொரு கலையாகத் திங்கள் வளர்கின்றது என்கின்றோம். திங்கள் வளர்வதுண்டோ? அதன் உருண்டை நேற்றிருந்த அளவே இன்றும் இருக்கின்றது; ஒளிபட்ட பாகத்துள் நம் கண்ணுக்கு அகப்படும் அளவு மட்டுமே பெருகுகின்றது. மறைப்பினால் வளர்க்கப்படும் செடியும் இத்தகையதே. அது வளர்பிறையாக வளர்கின்றதேயன்றி வளர்பயிராக வளர்கின்றிலது. முன்னமே முற்றி நிற்கும் உருவம் சிறிது சிறிதாகத் திறந்து காட்டப்படுகின்றது. இதனைக் குற்றமென்று யாம் கூறவில்லை; கலை யாவும் ஒருவகைத் தோற்றமே. ஆனால் உண்மைச் செடி எவ்வாறு வளர்கின்றது என்பதைக் கண்டறிந்து, மறைப்பை அதற்கேற்ப விலக்குவார்க்கும், கண்டறியாது விலக்குவார்க்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

அப்பிள்ளையின் படத்தில் தண்டு முதலில் முழு உயரமும் ஏறி முடிந்தது. அதன் பின்னரே இலைகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. எந்தக் கொய்யாக் கன்றும் மொட்டைக் கோலாக உயர்ந்து நின்று பின் இலை விடுவதில்லை. நுனியிலே மடிந்த சிற்றிலைகள் நெருங்கி எப்பொழுதும் குடியிருக்கும். அவற்றின் இடையிலுள்ள கணுவிடைகள் நீள நீள, நெருங்கியிருந்த இலைகள் ஒன்றைவிட்டொன்று விலகும். ஆகவே கொழுந்து தண்டின் நுனியோடு கூடவே மேலேற வேண்டும். மேலும், படத்தில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருந்தன. கொய்யா இலைகளோ எதிரெதிராக இணையிணையாக அமைவன. மலர் தண்டின் உச்சியில் அலர்ந்தது. கொய்யா புதிதாய்த் தழைத்த கிளையில் இலைக்கக்கத்திலே பூப்பது. இவ்வளவும் சொன்ன யாம் ஒன்றை மறைத்தல் முறையன்று. பழத்தின் அடியிலே புல்லிவட்டம் உலர்ந்து முடிபோல ஒட்டிக்கொண்டிருப்பதை அப்பிள்ளை தவறாமல் வரைந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளை என்பதற்கு அது ஒன்றே சான்று. மற்றவை, எங்கோ இருப்பார் பொதுவாக வரைந்த பெயரில்லாச் செடியைப் பார்த்துப் பழகிய கையின் குறைகள்.

செடியின் எந்த இடம் வளர்கின்றது என்பதைப் பள்ளியிற் பயின்றவரும் மறந்துவிடுகின்றனர். மரத்தின் அடிப்பகுதியில் ஐந்தடி உயரத்தில் ஒருவன் தன் பெயரைச் செதுக்கினால், இருபது ஆண்டு கழித்து அப்பெயர் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று மாணாக்கரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலார் பதினைந்தடி, இருபதடி என்பர். அது ஐந்தடியிலேயே இருக்கும். எழுத்து அகலுமேயன்றி உயராது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த செர்மானியத் தாவரவியலறிஞர் சாக்ஸ் என்பார், இளவேரின்மேல் மையினால் சம இடைவெளியில் கோடுகள் இட்டு வளரவிட்டார். நுனியை அடுத்த சில கோடுகள் மட்டுமே விலகின. ஏனைய இட்டவாறே நின்றன. இச்சோதனையைப் பயறு முளைக்கவிட்டு எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ஆனால் எல்லாம் நுனியிலே வளர்வன அல்ல. இங்கேதான் மறைப்பின் நுட்பம் சிறக்கின்றது. நெல்லின் இலையும் புல்லின் இலையும் அடியினின்று வளர்வன. ஆடு நுனியைக் கடித்துச் சென்றபின்னும் புல் நீள்வது அதனாலன்றோ? வாழைக் குருத்தைப் பாருங்கள். சுருண்ட இலை முன்னமே உருவாகி உள்ளிருந்து மேலே தள்ளப்படுகின்றது. கொடியைக் காட்டுவதற்கு ஓவியம் நிற்க, மறைப்பு நகர வேண்டும். வாழையைக் காட்டுவதற்கோ மறைப்பு நிற்க, ஓவியம் நகர வேண்டும். மாஸ்க் தான் வரையப்பட்ட லேயரோடு ஒட்டி நகரும் இயல்பினது. ஆதலின் வாழைக்கு மறைப்பைத் தனி லேயராக்கி அசையாது நிறுத்துவர். அதற்கு டிராக் மேட் என்று பெயர். கருவி இரண்டிற்கும் இடம் கொடுக்கின்றது. எதற்கு எது என்று சொல்வது வாழைத்தோட்டமேயன்றிக் கருவியன்று.

முளைக்கும் காலமும் இவ்வாறே. அவரையும் புளியும் தம் வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கி வருவன. வளைந்த கழுத்து முதலில் மண்ணைப் பிளக்கும். பின்னரே தலை நிமிரும். துவரை வித்திலைகளை மண்ணுள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் மேலே அனுப்பும். அம்மன் திருவிழாவிற்கு முளைப்பாரி வளர்க்கும் நம் தாய்மார்கள் இதனை நூலின்றியே அறிவர். இருட்டறையில் வைத்த முளைகள் வெளுத்து நெட்டையாக ஓடுவதையும் அவர்களே நன்கறிவர். இயங்குபடம் ஆக்குவார் கேட்டறியத்தக்க ஆசிரியைகள் இவ்வவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர்.

இனித் தமிழாசிரியர்க்கு இங்கென்ன வேலை என்பதற்கு விடை கூறுவோம். கீபிரேம் குறிப்பார்க்கு எந்நிலைகளைக் குறிப்பது என்பதே முதல் வினா. அந்நிலைகளை நம் முன்னோர் முன்னமே குறித்து, ஒவ்வொன்றிற்கும் பெயரும் இட்டுள்ளனர். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலைக்கு நிலைகள் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவுக்கு உண்டு. பிஞ்சு என்னும் பொதுப்பெயரோடு நில்லாமல் மாவுக்கு வடு என்றும், பலாவுக்கு மூசு என்றும், வாழைக்குக் கச்சல் என்றும், தென்னைக்குக் குரும்பை என்றும் வேறு வேறு வழங்கினர். இளம்பயிரிலும் நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. இச்சொற்களைத் தேவநேயப் பாவாணர் திரட்டி வகுத்துக் காட்டியிருக்கின்றார். மரமும் புல்லும் உற்றறியும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் மரபியலில் வகுத்ததும் வெறும் கணக்கன்று. செடியை அருகிருந்து பார்த்தவர் கூற்று. முகைக்கும் மலருக்கும் வேறுபாடு அறியாதவர் இரண்டிற்கும் இடையே எத்தனை படம் வேண்டுமென்று எவ்வாறு அறிவார்? கொய்யா அரும்பின் புல்லி முழுதும் மூடி, பின் ஒழுங்கின்றிக் கிழிந்து திறப்பது. அக்கிழிவு ஒரு நிலை. அதற்குத் தனிப்பெயர் எம் நினைவிற்கு எட்டவில்லை. இளைஞர் எவரேனும் நம் தோட்டத்து முதியோரைக் கேட்டறிந்து எழுதினால் இவ்விதழில் வெளியிடுவோம்.

வரையாமலே செடியின் வளர்ச்சியைப் படமாகப் பிடித்தாரும் உளர். செர்மனி நாட்டு லைப்சிக் நகரில் பெஃபர் என்னும் அறிஞர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செடியை இடைவிட்டு இடைவிட்டுப் படமெடுத்து, விரைவாக ஓட்டிக் காட்டினார். இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் 1910-இல் மலர்கள் அலர்வதைப் படமாக்கி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் படம் எடுக்காமல், செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் பொறியையே அமைத்தார். இன்று கைப்பேசி ஒன்றும் அதனை நிறுத்த ஒரு தாங்கியும் போதும். பத்து நிமிடத்திற்கு ஒரு படமாக எடுத்தால் நாளொன்றுக்கு 144 படங்கள் சேரும்; நொடிக்கு 24 என ஓட்டினால் ஒருநாள் வளர்ச்சி ஆறு நொடியாகும்; பத்து நாள் ஒரு நிமிடம். அவ்வொரு நிமிடத்தில் காணலாம்: நுனி நேர்கோடாக உயர்வதில்லை, தலையைச் சிறு வட்டமாகச் சுழற்றிக்கொண்டே ஏறுகின்றது. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு 1880-இல் வெளியிட்ட நூல் இத்தகைய அசைவுகளைப் பற்றியதே. இதனை ஒருமுறை கண்டவர் பின்பு ஒருபோதும் செடியைக் கொடிமரம்போல் விறைப்பாக உயர்த்திக் காட்டார்.

யாம் நிர்வாகக் குழுவிற்கு எழுதிக் கொடுத்த கருத்து, உதவி வழங்கப்பட வேண்டும் என்பதே. இக்கல்வியால் இன்ன சம்பளம் கிடைக்கும் என்று யாம் உறுதி கூறோம். எந்தக் கல்விக்குத்தான் அவ்வுறுதி உண்டு? ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் குறியீட்டைக் கைப்பேசியால் தொட்டால் படம் ஓடுகின்றது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. நம் குழந்தைகள் செடி வளர்வதை வயலில் காண்பதற்கு முன்னர்த் திரையில் காண்கின்றனர். அத்திரையில் செடியை வளர்ப்பவர், கொய்யாவைத் தொட்டறிந்த கையினராக இருத்தல் நன்றோ, தொட்டறியாதவராக இருத்தல் நன்றோ? உத்தியோகத்தை மட்டும் நோக்கும் பெரியோர்களை யாம் கேட்பது இதுவே. பொம்மை ஆட்டுவது என்று இகழ்ந்து நம் பிள்ளைகளை விலக்குவோமாயின் அவ்விடம் காலியாக இராது. செடி அறியாதார் வந்து நிரப்புவர்.

ஆயினும் ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். இரண்டாம் தவணைப் பணம் கொடுக்கும் முன், அப்பிள்ளை கொய்யா, வாழை, அவரை மூன்றையும் தோட்டத்தில் பார்த்து வரைந்து, முளை முதல் சருகு வரை வளர்த்துக் காட்டல் வேண்டும். படத்தோடு கூறும் உரை தமிழில் அமைதல் வேண்டும். இதனை அவரிடம் தெரிவித்தபோது, வாழைக்கு மறைப்பு நிற்க வேண்டும் என்பதை யாம் சொல்வதற்கு முன் அவரே சொன்னார் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் நேர்மை.

மலைச் செடிகளை வரைய விரும்புவார்க்கும் துணை உண்டு. கே. எம். மத்தேயு அடிகளார் பழனிமலைத் தாவரங்களின் ஓவியத் தொகுதியை 1996-இலும், விளக்க நூலை 1999-இலும் வெளியிட்டிருக்கின்றார். இலை அமைதியும் பூவின் உறுப்பும் பிழையின்றித் தெரியவேண்டுவார் அவற்றை நாடுக. குறிஞ்சியை மட்டும் ஏட்டில் பார்த்து வளர்க்க முடியாது. கொடைக்கானல் மலையில் 2018-இல் பூத்த குறிஞ்சி விதை சிந்தி மடிந்துவிட்டது. அவ்விதையின் கன்றுகள் சரிவுகளில் பூவின்றி வளர்ந்து 2030-ஐ நோக்கி நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு செடியைப் படமெடுத்து வருபவர் இருந்தால், மலர்வதற்கு முந்திய ஆண்டுகளின் வளர்ச்சி இனியேனும் பதிவாகும். பேருந்துச் செலவைச் சங்கம் ஏற்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் ஆராய்வோம்.