இலங்கையின் ஜப்பானிய டீசல் எஞ்சின்கள்: பராமரிப்பும் வளர்ச்சியும்

மைசூர் நகரில் 1979ஆம் ஆண்டு ரயில் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. ஓய்வு பெற்ற நீராவி எஞ்சின்களும், மைசூர் மகாராணியின் பயணத்திற்கென அமைந்த பெட்டியும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண வரும் மாணவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஓர் எஞ்சின் எப்போது அருங்காட்சியகத்திற்குரிய பொருளாகிறது? வயது முதிர்ந்தால் என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை முழுமையானதன்று என்பதை அண்டை நாடான இலங்கையின் அனுபவம் தெளிவாக்குகிறது.

அதே 1979ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் இலங்கை ரயில்வேக்காக 16 டீசல் எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது. 768 முதல் 783 வரை எண்ணிடப்பட்ட இவை, அந்நாட்டில் ‘எம் 5’ வகை என வழங்கப்படுகின்றன. ஒரு வளரும் நாடு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களைப் பெறும்போது எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவற்றின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மலைப்பாதையின் தேவை

இலங்கையின் ரயில் பாதை காப்பித் தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லும் நோக்கத்துடன் தொடங்கப்பட்டது. பின்னர் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பாதை, அட்டன், நானுஓயா ஆகிய தோட்டப் பகுதிகளின் வழியே ஏறி, பட்டிபொல என்னுமிடத்தில் கடல் மட்டத்திற்கு மேல் 1,898 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. 44 அடி தூரத்திற்கு ஓர் அடி உயரும் ஏற்றங்களும், மிகக் குறுகிய வளைவுகளும் இப்பாதையில் உள்ளன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உள்ளிட்ட மலைநாட்டு மக்களுக்கு இப்பாதை இன்றியமையாதது. ஆகவே எஞ்சின்களின் நலம், மக்களின் அன்றாட வாழ்வோடு தொடர்புடைய பிரச்சினையாகும்.

டீசல்-மின் எஞ்சினின் உள்ளே ஒரு டீசல் பொறி இயங்குகிறது. அது மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அங்கு உண்டாகும் மின்சாரம் சக்கரங்களோடு இணைந்த மோட்டார்களை ஓட்டுகிறது. எனவே டீசல் பொறி பழுதுற்றால், மற்றப் பகுதிகள் நன்னிலையில் இருப்பினும், எஞ்சின் பணிமனையில் முடங்கிக் கிடக்க நேரிடும்.

ஒரே காலம், இரு அனுபவங்கள்

எம் 5 எஞ்சின்களில் ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவன வடிவமைப்பைச் சார்ந்த பொறி பொருத்தப்பட்டிருந்தது. வண்டி ஜப்பானுடையது; அதன் இதயமோ வேறொரு நாட்டின் வடிவமைப்பு. காலப்போக்கில் இந்த மூலப் பொறிகளை அகற்றி, வேறு வகைப் பொறிகளைப் பொருத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டவை எம் 5ஏ, எம் 5பி, எம் 5சி என்னும் உட்பிரிவுகளாயின. ஒரே வகையாக வந்த 16 எஞ்சின்கள் இவ்வாறு பல வகைகளாகப் பிரிந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் தைசன்-ஹென்ஷல் நிறுவனத்திடமிருந்து எம் 6 என்னும் வகையில் மேலும் 16 எஞ்சின்கள் வந்தன. இவற்றில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறி அமைந்திருந்தது. இலங்கைத் தொழிலாளர்களுக்கு அக்குடும்பப் பொறி புதியதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம் 2 எஞ்சின்கள் 1954ஆம் ஆண்டு முதற்கொண்டே அந்நாட்டில் ஓடி வந்தன. கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவ்வெஞ்சின்களில் இருந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியே. அதன் பிற்கால வடிவமே எம் 6இல் இடம்பெற்றது. எம் 2 எஞ்சின்களில் சில அறுபது ஆண்டுகளைக் கடந்தும் பணியாற்றின. தம்மினும் கால் நூற்றாண்டு இளைய எம் 5இன் மூலப் பொறிகள் அகற்றப்பட்ட பின்னரும் அவை ஓடின என்பது கருதத்தக்கது.

இதனைக் கொண்டு ஒரு நாட்டின் இயந்திரம் உயர்ந்தது, மற்றொன்றினது தாழ்ந்தது என முடிவு செய்வது தவறாகும். ஒரு பொறியைப் பழுது பார்க்கும் திறன், அதைத் தொடர்ந்து கையாள்வதால் வளர்வது. உதிரிப் பாகங்களின் கையிருப்பு, அளவுக் கருவிகள், பயிற்சி பெற்ற கைகள் ஆகியவற்றை ஒரு வகைக்கு 16 எஞ்சின்களே உள்ள நிலையில் தனித்தனியே பேணுவது பெருஞ்செலவாகும். பிரிட்டன், கனடா, ஜெர்மனி, ஜப்பான் எனப் பல நாடுகளிலிருந்து சிறு சிறு தொகுதிகளாக எஞ்சின்களைப் பெற்ற ரயில்வேக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது.

ஜப்பான் கற்ற பாடம்

இப்பாடத்தை ஜப்பானும் தன் மண்ணிலேயே கற்றது. நீராவி எஞ்சின்களை அகற்றும் பொருட்டு ஜப்பானிய தேசிய ரயில்வே 1962 முதல் 1978 வரை ‘டி.டி.51’ வகையில் 649 டீசல் எஞ்சின்களைப் பெற்றது. இவற்றின் பொறி உள்நாட்டில் உருவாக்கப்பட்டது. 1966 முதல் 1971 வரை கட்டப்பட்ட ‘டி.டி.54’ வகையோ, ஜெர்மனியின் மேபாக் நிறுவனத் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்றுத் தழுவியது. அதன் சிக்கலான அமைப்பைப் பழுது பார்ப்பது கடினமாயிற்று. 40 எஞ்சின்களோடு அவ்வகை நின்றது. 1978ஆம் ஆண்டிற்குள் அனைத்தும் பணியிலிருந்து நீக்கப்பட்டன. டி.டி.51 எஞ்சின்களோ அரை நூற்றாண்டிற்கு மேல் உழைத்தன.

வாரணாசியின் வழி

இந்தியா மேற்கொண்ட வழி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1961ஆம் ஆண்டு வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன ஒத்துழைப்புடன் 1964ஆம் ஆண்டு முதல் எஞ்சின் வெளிவந்தது. அகலப் பாதைக்கும் மீட்டர் பாதைக்கும் ஒரே குடும்பப் பொறியே பயன்படுத்தப்பட்டது. அதனினும் திறன் மிக்க பொறிகள் உலகில் பின்னர் தோன்றின என்பது உண்மையே. ஆயினும் ஒரே வகையைப் பெருமளவில் செய்ததால், நாடெங்கும் உள்ள பணிமனைகளில் அதைப் பற்றிய அறிவு வேரூன்றியது. இத்தொழிற்சாலையில் செய்யப்பட்ட எஞ்சின்களை 1996ஆம் ஆண்டு இலங்கையும் ‘எம் 8’ என்னும் வகையாகப் பெற்றது. கனடாவிலிருந்து 1975ஆம் ஆண்டு வந்த எம் 4 எஞ்சின்களிலும் இதே ஆல்கோ குடும்பப் பொறி இருந்ததால், அங்குள்ள தொழிலாளர்க்கு அது அறிமுகமானதாகவே இருந்தது.

ஆயினும் எம் 5இன் கதையைத் தோல்வியாகக் கருதலாகாது. மூலப் பொறி போனவுடன் வண்டிகள் அனைத்தையும் பழைய இரும்பாகக் கழித்துவிடாமல், சட்டகத்தையும் சக்கர அமைப்பையும் காத்து, புதிய பொறிகளைப் பொருத்தி மீண்டும் ஓட வைத்தது பாராட்டுக்குரியது. புதிய எஞ்சின்களை வாங்க அந்நியச் செலாவணி அரிதான ஒரு நாட்டிற்கு இது பெருஞ் சேமிப்பாகும்.

இயந்திரக் கொள்முதலுக்குப் பொறுப்பான அதிகாரிகள், விலையையும் குதிரைத்திறனையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடலாகாது. அவ்வியந்திரம் ஏற்கெனவே உள்ளவற்றோடு எத்துணை உறவுடையது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதன் பாகங்கள் எங்கே கிடைக்கும், அதைத் திறந்து பழுது பார்க்க எத்தனை பேர் பயிற்சி பெறுவர் என்பனவற்றையும் கொள்முதலுக்கு முன்பே கேட்டறிதல் வேண்டும். பொறியியல் மாணவர்களும் வடிவமைப்பிற்குத் தரும் மதிப்பைப் பராமரிப்புக் கலைக்கும் தருதல் வேண்டும். ஓர் எஞ்சின் அருங்காட்சியகத்திற்குச் செல்லும் நாளை அதன் வயதை விடப் பணிமனையின் திறனே பெரிதும் முடிவு செய்கிறது.