மண்சுவரும் குருதிக் கணக்கும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஏழையின் நோய் எண்ணப்படாவிட்டால் ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாத நோய்க்கு அரசின் பணமும் வந்து சேராது. இதற்குப் பிரேசில் நாட்டுச் சான்று ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன்.

1909-ஆம் ஆண்டு கார்லோஸ் சாகாஸ் என்னும் மருத்துவர் அங்கு ஒரு நோயைக் கண்டறிந்தார். மண்சுவர் விரிசல்களில் பதுங்கும் பூச்சி, இரவில் உறங்குவோரின் குருதியை உறிஞ்சும். அதன் எச்சத்திலுள்ள ஒட்டுண்ணி கடிவாய் வழியாகவோ கண் வழியாகவோ உடலில் புகும். தொற்றியோர் பல்லாண்டுகள் நலமாகவே தோன்றுவர். ஆயினும் பத்தில் மூவர் வரை இதயம் பழுதுபடும்.

நலமாகத் தோன்றுவோரை எங்ஙனம் எண்ணுவது? நாட்பட்ட நிலையில் ஒட்டுண்ணி குருதியில் அரிதாகவே தென்படும். ஆனால் அதனை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் நெடுங்காலம் நிலைத்திருக்கும். விரல்நுனிக் குருதியை வடிதாளில் உலர்த்தி ஆய்வகத்திற்கு அனுப்பினால், அவற்றைக் கண்டுகொள்ளலாம். 1975 முதல் 1980 வரை பிரேசில் நாட்டுப்புறங்களில் இவ்வாறே கணக்கெடுத்தனர். நூற்றுக்கு 4.2 பேருக்குத் தொற்று இருந்தமை புலனாயிற்று. எப்பகுதியில் மிகுதி என்பதும் தெரிந்தது. 1983 முதல் வீடுகளில் பூச்சிமருந்து தெளிக்கும் பணி நாடெங்கும் விரிந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதியவரின் எதிர்ப்பொருள் என்றோ நேர்ந்த தொற்றையும் காட்டும். சிறு குழந்தையின் எதிர்ப்பொருளோ அண்மைத் தொற்றைக் காட்டும். ஆகவே 2001 முதல் 2008 வரை, ஐந்து வயதிற்குட்பட்ட ஏறத்தாழ 1,05,000 நாட்டுப்புறக் குழந்தைகளைச் சோதித்தனர். தாயின் எதிர்ப்பொருள் சேயிடம் சில மாதங்கள் தங்குமாதலால், ஐயத்திற்குரிய குழந்தைகளோடு தாயரையும் சோதித்தனர். தொற்று உறுதியான குழந்தைகள் 32 பேரே. அவர்களுள் 20 பேரின் தாயருக்கும் தொற்று இருந்தது. வீட்டுப் பூச்சியால் பரவுவது ஏறக்குறைய நின்றது என்பதற்கு இக்கணக்கே சான்றாயிற்று.

இளைஞர்களே! அந்தப் பூச்சி நம் ஊருக்கு உரியதன்று. மண்சுவரோ நமக்குப் புதியதன்று. எந்த நோய்க்குக் கணக்கெடுத்தாலும், நம் தெரு அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். விடுபட்ட தெரு நோயற்ற தெரு ஆகாது. குருதி கொடுத்தால் முடிவைக் கேட்டுப் பெறுங்கள். புள்ளியியல் பயிலுங்கள், ஆய்வகத் தொழில் பயிலுங்கள். எண்ணப்படுவோராய் மட்டும் நின்றது போதும், எண்ணுவோராகவும் உயருங்கள். இச்சங்கம் தந்த கல்விக்கு அதுவே கைம்மாறு.