பாத்திரம் அறிந்து அடுப்பு

புதுமனை புகுவோர் அங்கே முதன்முதலிற் பால் காய்ச்சுவர். ஒரு வீட்டின் வாழ்வு அதன் அடுப்பில் தொடங்குகிறது என்பதே அவ்வழக்கத்தின் உட்கருத்து. அந்த அடுப்பு இலங்கையிற் பல வடிவங்களை எடுத்துவிட்டது. மூன்று கல் வைத்து விறகெரித்த அடுப்புக்குப் பின் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதன் பின் எரிவாயு அடுப்பு வந்தது. இப்பொழுதோ, நெருப்பே கண்ணிற் படாத ஓர் அடுப்பு கடைதோறும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இன்டக்ஷன் அடுப்பு என்று யாவரும் வழங்கும் அதனைத் தூண்டல் அடுப்பு என்று தமிழிற் கூறலாம்.

மக்கள் இவ்வடுப்பை நாடியமைக்குத் தக்க காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் எரிவாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புகளும் தீ விபத்துகளும் நாட்டின் பல பாகங்களில் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் எரிவாயுவே கிடைப்பது அரிதாயிற்று. வெறுஞ் சிலிண்டர்களோடு மக்கள் வீதியோரங்களில் நெடுநேரம் காத்து நின்றனர். ஆனால், அதே 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டதையும் மறத்தலாகாது. எரிவாயுவும் கைவிட்டது, மின்சாரமும் கைவிட்டது. புதிய அடுப்பு வாங்கப் புறப்படும் இல்லத்தார் இவ்விரு நினைவுகளையும் மனத்திற் கொண்டு புறப்படுதல் நன்று.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. பாத்திரம் அறிந்து அடுப்பு வாங்கு என்பது இக்காலத்துக்கேற்ற புதுமொழி. தூண்டல் அடுப்பைத் தெரிவு செய்யும் வேலை கடையில் தொடங்குவதன்று. அது வீட்டிலே, அடுக்களைத் தட்டிலே தொடங்குகிறது. ஏன் அவ்வாறு என்பதை அறிய, அவ்வடுப்பு இயங்கும் விதத்தைச் சிறிது நோக்கவேண்டும்.

மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் தன் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்னும் உண்மையை மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அவ்வுண்மை அடுக்களைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது. இவ்வடுப்பின் கண்ணாடித் தகட்டின் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 முறை திசை மாறுவது. அடுப்பினுள் இருக்கும் இலத்திரனியற் கருவி அதனைச் செக்கனுக்கு 20,000 முறைக்கு மேல் மாறும் மின்னோட்டமாக்கிச் சுருளினூடே செலுத்துகிறது. சுருளின் மேல் எழும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடியிலே சுழிப்போட்டங்களை உண்டாக்குகிறது. அவ்வோட்டங்களாற் பாத்திரமே சூடேறுகிறது. ஆகவே, இங்கே உண்மையான அடுப்பு பாத்திரந்தான். கண்ணாடி சூடாவது பாத்திரத்திலிருந்து திரும்பி வரும் வெப்பத்தினாலேயாம். பாத்திரத்தை எடுத்தவுடன் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பவர் கை சுட்டுக்கொள்வர்.

இவ்வகைச் சூடு இரும்பு போன்று காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகங்களிலேயே நன்றாகப் பிறக்கும். மண்சட்டி, அலுமினியப் பானை, பித்தளைக் குண்டான், செப்புப் பாத்திரம் ஆகியவை சாதாரண தூண்டல் அடுப்பில் வேலை செய்யமாட்டா. எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. ஆதலால் இல்லத்தரசி செய்யவேண்டிய முதற் காரியம், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்து, தன் பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதேயாம். காந்தம் இறுகப் பற்றினால் அப்பாத்திரம் பயன்படும். வழுக்கி விழுந்தாற் பயன்படாது. பாத்திரத்தின் அடி தட்டையாக இருத்தலும் வேண்டும். உருண்ட அடியுள்ள தாச்சியும் அப்பச்சட்டியும் தட்டைக் கண்ணாடியில் அமரமாட்டா.

இச்சோதனையில் தட்டிலுள்ளவற்றுட் பெரும்பகுதி தோற்றுவிட்டால், அடுப்பின் விலையோடு புதிய பாத்திரங்களின் விலையையும் கூட்டியே கணக்கிடல் வேண்டும். மலிவான அடுப்பொன்றை வாங்கி வந்து, பின்னர் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் இல்லாமல் திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தின் கீழே வைப்பதற்கென இரும்புத் தட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றை வைத்தால் சூடு முதலில் தட்டுக்கும் பின்னரே பாத்திரத்துக்கும் செல்லும், மின்சாரம் வீணாகும், கண்ணாடியும் மிகையாகச் சூடேறும். அவசரத்துக்கன்றி அவை நிரந்தர வழியாகா.

இரண்டாவதாக நோக்கவேண்டியது வீட்டின் மின்கம்பி. ஒற்றை அடுப்பு பெரும்பாலும் 2,000 வாற்று வலுவுடையது. 230 வோல்ற்றில் அது ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஐந்து அம்பியர்ச் சிறு செருகியில் அதனைப் பொருத்துவது தீயை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். சதுரக் கால்களையுடைய 13 அம்பியர்ச் செருகியோ, உருண்ட கால்களையுடைய 15 அம்பியர்ச் செருகியோ அதற்கு வேண்டும். இரட்டை அடுப்பு 3,500 வாற்றாயின் 15 அம்பியருக்கும் மேலாகும். அதற்குத் தனிக் கம்பியே இழுத்தல் வேண்டும். நான்கு வாய் அடுப்பு 7,000 வாற்றைத் தாண்டினால் 30 அம்பியருக்கு மேல் இழுக்கும். வீடு முழுவதற்கும் பெறப்பட்ட இணைப்பே 30 அம்பியராக இருக்கையில், அடுப்பு எரிய விளக்கும் விசிறியும் அணையவேண்டி நேரிடலாம். நீட்டிப்புக் கம்பிகளில் இவ்வடுப்பைப் பொருத்தலாகாது. புவித்தொடுப்புச் சரியாக உள்ளதா, ட்ரிப் சுவிட்ச் இயங்குகிறதா என்பவற்றைத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, மின்பட்டியல். இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. ஒரு லீற்றர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க இவ்வடுப்புக்கு ஓர் அலகு மின்சாரத்தின் பத்திலொரு பங்கு போதும். 2,000 வாற்று அடுப்பில் அதற்கு மூன்று நிமிடம் செல்லும். எரிவாயு அடுப்பிற் பிறக்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 40 வீதமளவே பாத்திரத்தைச் சேர்கிறது. மீதி அடுக்களையைச் சூடாக்குகிறது. தூண்டல் அடுப்பிலோ 85 வீதமளவு பாத்திரத்தைச் சேர்கிறது. இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை ஏறக்குறைய 75 அலகு மின்சாரம் செய்துவிடும். எரிவாயுவைச் சிக்கனமாகக் கையாளும் வீட்டில் அது 90 அலகு வரை ஆகலாம்.

ஆனால் அலகுக்கு என்ன விலை என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 80 அலகு செலவிடும் குடும்பமொன்று மாதம் ஒரு சிலிண்டரும் செலவிடுகிறது என்று கொள்ளலாம். அது முழுச் சமையலையும் தூண்டல் அடுப்புக்கு மாற்றினால் 155 அலகில் நிற்கும். புதிதாகச் சேரும் 75 அலகுகளும் ஏணியின் மேற்படிகளிலேயே சேரும். ஆகவே பட்டியலின் சராசரி விலையைக் கொண்டு கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த 75 அலகுகளுக்கு மேற்படிகளில் விதிக்கப்படும் விலையைக் கூட்டி, அத்தொகையை அன்றைய சிலிண்டர் விலையோடு ஒப்பிடல் வேண்டும். விடை வீட்டுக்கு வீடு வேறுபடும். கூரையிற் சூரியத் தகடு பொருத்திப் பகலிற் சமைப்போருக்கு ஒரு விடை. ஏற்கெனவே மேற்படியில் நிற்போருக்கு வேறொரு விடை. நேரத்துக்கேற்ற கட்டண முறையைத் தெரிந்தெடுத்தோர், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்ச வேளைக்கு முன்னரே இராச் சாப்பாட்டைச் சமைத்து முடிப்பது இலாபம்.

இம்மூன்றையும் பார்த்த பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும். அங்கே விற்பனையாளர் விளக்கொளியையும் பொத்தான்களின் எண்ணிக்கையையும் காட்டுவார். வாங்குபவர் வேறு இரண்டைக் காண விழைதல் வேண்டும். ஒன்று, சுருளின் அளவு. கண்ணாடியில் வரையப்பட்ட வட்டம் பெரிதாயிருக்கலாம். உள்ளேயிருக்கும் சுருள் சிறிதாயிருக்கலாம். அகன்ற பாத்திரமொன்றில் விரற்கடை அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால், குமிழிகள் எந்த வளையத்தில் முதலில் எழுகின்றனவோ அவ்வளவே சுருள். சிறு சுருளின் மேல் பெரிய தோசைக்கல்லை வைத்தால் நடுவிற் கருகும், ஓரத்தில் வேகாது.

மற்றையது, சிறு சூட்டைத் தாங்கி நிற்கும் ஆற்றல். மலிவான அடுப்புகள் பல, குறைந்த சூட்டில் வைத்தால் உண்மையிற் குறைந்து எரிவதில்லை. சில செக்கன் முழு வேகத்தில் எரிந்து, சில செக்கன் ஓய்ந்து, மீண்டும் எரிகின்றன. தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு இது குற்றமன்று. தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கோ இது கேடு. சொதி பொங்கிக் கொதித்தால் திரைந்துவிடும் என்பதை அறியாத இல்லத்தரசி இல்லை. எனவே கடையிற் பாலையோ தண்ணீரையோ மிகக் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கும்படி கேட்டல் வேண்டும். கொதிப்பு அடங்கி ஒரே நிதானமாக நின்றால் அடுப்பு நன்று. விட்டுவிட்டுப் பொங்கினால் வேறொன்றைப் பார்ப்பது நன்று.

முதியோர் ஆளும் அடுக்களையாயின், தொட்டாற் சுடரும் வழுவழுப்பான முகப்பைக் காட்டிலும் திருகு குமிழோ அழுத்து பொத்தானோ உகந்தது. ஈரக்கை பட்டால் தொடுமுகப்பு சிலவேளை பணியாது. மங்கிய பார்வைக்கு அதன் எழுத்துகள் தெரியவும் மாட்டா. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியை மார்பிற் பொருத்தியவர்கள், எரியும் தூண்டல் அடுப்பிலிருந்து 60 சென்ரிமீற்றர் அளவேனும் விலகி நிற்கவேண்டும். வாங்குமுன் தம் வைத்தியரிடம் கேட்டறிதல் அவர்களுக்கு இன்றியமையாதது.

வாங்கி வந்த பின் பேணும் முறையும் உண்டு. அடுப்பின் அடியிலுள்ள விசிறி கீழிருந்து காற்றை இழுப்பது. துணியையோ பத்திரிகைத் தாளையோ விரித்து அதன் மேல் வைத்தால் மூச்சடைத்துப் பழுதாகும். சமையல் முடிந்ததும் சுவர் ஆளியை உடனே அணைக்காமல், விசிறி ஓயும் வரை விடுதல் வேண்டும். இடி முழங்கும் மாலைகளிற் செருகியைக் கழற்றிவிடல் வேண்டும். கரப்பானும் எறும்பும் வெதுவெதுப்பை நாடி உள்ளே குடிபுகாதபடி துப்புரவு பேணல் வேண்டும். கண்ணாடியில் விரிசல் கண்டால் அன்றோடு அதனைப் பாவிப்பதை நிறுத்தல் வேண்டும். உதிரிப்பாகமும் திருத்துவோரும் அயலிற் கிடைப்பரா என்பதை விலை பேசுமுன் விசாரிப்பது விவேகம்.

இத்தனையும் பார்த்து வாங்கினால் தூண்டல் அடுப்பு நல்ல வேலையாள். புகையில்லை, கரியில்லை, காலையில் தேநீருக்கும் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் நீர் விரைவிற் கொதிக்கும். விறகடுப்பின் முன்னே கண் கலங்கி இருமிய பெண்களுக்கு இது சிறு ஆறுதலன்று. எனினும், பழைய அடுப்பை உடனே கழித்துவிடலாகாது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அன்று தூண்டல் அடுப்பு ஒன்றையே நம்பியிருந்த வீடுகளில் அது வெறுங் கண்ணாடித் தகடாய்க் கிடந்தது. மீன் குழம்புக்கு மண்சட்டியை விட மனமில்லாதோர்க்கும் பழைய அடுப்பு வேண்டியதே. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று எரியும்படி இரண்டையும் வைத்திருக்கும் வீட்டிலேதான், எந்த நெருக்கடி வந்தாலும் பிள்ளைகள் பசியோடு உறங்கச் செல்லமாட்டார்கள்.