மடல் வளர்த்த நட்பும் ஏடு பெற்ற வாழ்வும்



பொருநையாறு கடலோடு கலக்குமுன் வளமூட்டும் ஊர்களுள் ஆத்தூரும் ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால்களால் பெயர்பெற்ற இவ்வூருக்கு மேற்கே, அதே ஆற்றங்கரையில், ஆழ்வார்திருநகரி அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக் குடும்பங்களின் நட்பு தமிழுக்குச் செய்த உதவி எண்ணி மகிழத்தக்கது.

வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போன்றதே அக்காலக் கடிதம். 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி, 'உபயகுசலோபரி' என இருபுறத்து நலமும் பேசிய பின்னரே அது செய்திக்கு வரும். புலவர்களோ அச்செய்தியையே செய்யுளாக்கிச் சீட்டுக்கவி விடுத்தனர். 1854இல் தொலைவு கருதாத அரையணா அஞ்சற் கட்டணம் வந்தது; 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது; 1879இல் காலணா அஞ்சலட்டை பிறந்தது. அரண்மனைக்கும் மடத்துக்கும் ஆள்வழிச் சென்ற ஓலையின் இடத்தில், ஆசிரியர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் தபாற்காரர் கடிதம் கொணர்ந்தார்.

இவ்வாய்ப்பைத் தமிழின் பொருட்டு முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர். சங்க நூல்களின் ஏடுகள் அந்நாளில் பொது நூலகங்களில் மட்டும் இருக்கவில்லை. மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் குலதனமாய்ப் பூசைக்குரியனவாய் இருந்தன. முன்பின் அறியாதவர் கேட்டால் அவை வெளிவரா. பணமும் அதிகாரமும் திறக்கவியலாத அப்பெட்டிகளை நண்பர்தம் மடலும் அறிமுகமுமே திறந்தன.

பத்துப்பாட்டு ஏடு தேடி அவர் ஆழ்வார்திருநகரி இலட்சுமண கவிராயர் இல்லம் சென்றார். குவிந்திருந்த சுவடிகளுள் நாடியது கிட்டவில்லை. கவிராயரின் மாமனார் தேவபிரான் கவிராயரிடமும் சில சுவடிகள் இருந்தன. ஆனால் இருவருக்குமிடையே அப்போது மனக்கசப்பு. வந்த விருந்தினருக்காகக் கவிராயர் அக்கசப்பை மறந்து மாமனார் வாயிலை மிதித்தார். இரவில் அவர் கொணர்ந்த சுவடியை நிலவொளியில் பிரித்தபோது முல்லைப்பாட்டு கண்ணிற்பட்டது. 1889இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. ஐயர் இந்நிகழ்ச்சியைத் தம் 'என் சரித்திர'த்தில் எழுதி வைத்துள்ளார். ஒரு குடும்பத்தின் தன்மானம் சிறிது தாழ்ந்ததால் ஒரு மொழியின் மானம் உயர்ந்தது.

நட்பின் எல்லை பொருநைக்கரையோடு நின்றதன்று. பாரிசு நகரத்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே ஐயருக்கு மடல் எழுதி, அந்நகர நூலகத்துத் தமிழ்ச் சுவடிகளைப் பற்றித் தெரிவித்தார். ஐயரும் தமக்கு வந்த கடிதங்களை ஏடுகளைப் போலவே பேணினார். அதனாலேயே அவற்றுள் 1900ஆம் ஆண்டு வரையுள்ளவை, 2018இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் நூலாக வெளிவர முடிந்தது.

கடிதம் பெற்றவர் காத்தார். ஆகவே வரலாறு பிழைத்தது. காக்காதவர் வீட்டு வரலாறோ அடுப்பிலும் கரையான் வாயிலும் போயிற்று. பழைய பரணைத் துப்புரவு செய்யும்போது பத்திரங்களை மட்டும் பிரித்தெடுத்து, பாட்டனார்க்கு வந்த நலங்கேட்பு மடல்களைக் குப்பையில் இடும் வழக்கம் இன்றும் உண்டு. பத்திரம் நிலத்தின் எல்லையைச் சொல்லும். மனத்தின் எல்லையைச் சொல்லுவது மடலே. பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று மேற்கொள்ளத்தக்க பணி இதனினும் சிறந்தது வேறில்லை: உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துப் பரணில் ஒருமுறை ஏறிப் பார்ப்பதே அது.

வாழ்க தமிழ்!